இன்னும் ஒரு கடைசல்

மரகல மலையின் அடிவாரத்தில் இருந்த எங்கள் இறப்பர் தோட்டத்தில் அந்தக் காலத்தில் மூன்று வாகனங்கள் இருந்தன. தொரையின் ஜீப், ஸ்டோருக்குப் பால் ஏற்றும் லொறி, அப்பாவின் மொறிஸ் மைனர். முதல் இரண்டும் தோட்டத்துக்குச் சொந்தம். மூன்றாவது லயத்துக்குச் சொந்தம் என்றுதான் சொல்லவேண்டும். பதிவுப் புத்தகத்தில் அப்பாவின் பெயர் இருந்ததே தவிர, ராத்திரி எந்த நேரத்தில் யார் வந்து கதவைத் தட்டினாலும் அவர் சாரத்தை இறுக்கிக்கொண்டு சாவியை எடுப்பார். பிள்ளைப்பேற்று வலி, பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுந்தவர், மொனராகலை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் பதுளைக்குக் கொண்டுபோகச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தவர். காசு சம்பள நாளில் வரும். சில வீடுகளிலிருந்து முருங்கைக்காயாகவும் முட்டையாகவும் வரும். அப்பா எதையும் கேட்டு வாங்கி நான் பார்த்ததில்லை.

1958ஆம் வருசத்து வண்டி. கரும்பச்சை நிறம், இலக்கத் தகட்டில் 1 ஸ்ரீ. 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது சின்னதொரை ஒருவர் சீமைக்குத் திரும்பினார். பல வருசம் அவருக்குக் கார் ஓட்டியவர் அப்பா. போகும்போது அவர் காரை வேறு யாருக்கும் காட்டாமல் அப்பாவிடமே விலை பேசினார். கையில் இருந்ததும் கடன் வாங்கியதும் சேர்ந்து கார் எங்கள் லயத்து வாசலுக்கு வந்தது. அதை நிறுத்துவதற்காக அப்பாவும் சித்தப்பாவும் லயத்தின் கோடியில் தகரம் போட்டு ஒரு கொட்டகை அடித்தார்கள். எங்கள் காம்பராவின் கூரைத் தகரத்தைவிட அந்தத் தகரம் புதிது.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் கிளம்பிவிடாது. முதலில் பானெட்டுக்குள் டிக் டிக் டிக் என்று பெற்றோல் பம்ப் அடிக்கும். காபுரேட்டர் நிரம்பியதும் அந்தச் சத்தம் தானாக நிற்கும். நின்ற பிறகுதான் அப்பா டாஷ்போர்டில் இருக்கும் குமிழைப் பிடித்து இழுப்பார். வேகம் காட்டும் வட்டம் ஸ்டியரிங்குக்கு நேரே இல்லாமல் நடுவில் இருந்ததால், பின்சீட்டில் இருந்த எனக்கும் எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்று தெரியும். வளைவில் திரும்பும்போது கதவுத் தூணுக்குள்ளிருந்து விளக்கோடு ஒரு சிறு கை வெளியே நீளும். பாதி நேரம் அது சிக்கிக்கொள்ளும். உள்ளேயிருந்து தூணில் ஒரு தட்டுத் தட்டினால் வெளியே வரும். அந்த வேலை என்னுடையது. வண்டி ஓட்டத்தில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்ற நினைப்பு எத்தனை பெரிய சந்தோசம் என்பதைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

அந்தக் காரை வரைந்தவர் அலெக் இஸிகோனிஸ் என்பதும், அது 1948இல் இலண்டனில் முதன்முதலாகக் காட்சிக்கு வந்தது என்பதும், 1960 முடிவதற்குள் 10 இலட்சம் கார்கள் செய்யப்பட்டு அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார் ஆனது என்பதும் நான் வளர்ந்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. தோட்டத்தில் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். இந்தக் காருக்கு எந்த ஊரிலும் ஒரு சாமான் கிடைக்கும். பதுளையில், பண்டாரவளையில், வெல்லவாயவில் ஏதோ ஒரு கராஜின் பின்புறத்தில் சக்கரமில்லாத மைனர் ஒன்று கல்லின்மேல் நிற்கும். அதன் கதவு ஒரு காருக்குப் போயிருக்கும், டைனமோ இன்னொரு காருக்குப் போயிருக்கும்.

அப்படித்தான் நாடே ஓடிக்கொண்டிருந்தது. சிறிமாவோ அம்மையாரின் ஆட்சியில் அந்நியச் செலாவணி இல்லாமல் இறக்குமதிகளை இறுக்கிவிட்டார்கள். புதிய கார் என்பது சாதாரண மனிதர் நினைத்துப் பார்க்கக்கூடிய பொருளாக இல்லை. பாணுக்கு விடியற்காலையில் வரிசை. ரோட்டில் தடி போட்டு மறித்து, யாராவது அளவுக்கு மேல் அரிசி கொண்டுபோகிறார்களா என்று காரின் டிக்கியைத் திறந்து பார்ப்பார்கள். 1973லும் 74லும் தோட்டங்களில் மனிதர்கள் பசியில் செத்தார்கள். அது எங்கள் வயதுக்காரர்கள் கண்ணால் கண்டது. அப்படிப்பட்ட வருசங்களில் ஒரு பழைய கார் பழசாகிக்கொண்டே போனாலும் விலை இறங்கவில்லை. அதற்குப் பதிலாக வைக்க இன்னொன்று கிடைக்காது என்பதுதான் காரணம். கார் பழுதானால் மற்ற நாடுகளில் போடுகிற கணக்கு, அதாவது திருத்தும் செலவு காரின் விலையைத் தாண்டினால் தூக்கிப் போடு என்கிற கணக்கு, இங்கே பொருந்தாது. எங்கள் வீட்டில் அந்தக் கணக்கு எப்படிப் போடப்பட்டது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

1976ஆம் வருசம் அத்தை குடும்பம் இந்தியாவுக்குப் புறப்பட்டது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மலையகத்து மக்களைப் பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். அந்தப் பிரிவு எங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்தது. தாத்தா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அத்தையின் மாமனார் வீடும் இந்தியா. அப்பா இலங்கைக்கு எழுதியிருந்தார். ஆனாலும் ‘கடைசியில எல்லாரும் ஒண்ணாப் போயிறலாம்’ என்று தாத்தா சொல்வதும், ‘பாப்போம்யா’ என்று அப்பா சொல்வதும் பல வருசமாக நடந்துகொண்டிருந்தது.

பதுளையில் கோச்சி ஏறினால் பொல்காவலை, மாஹோ, அனுராதபுரம் வழியாகத் தலைமன்னார். அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். மலையகத்தில் அந்தக் கோச்சிக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். எங்கள் தோட்டத்திலிருந்து பதுளைக்கு ஏறக்குறைய 60 கிலோமீற்றர். ஹுலந்தாவையில் திரும்பினால் பசறை வரை ஒரே ஏற்றம். வேர்த்து ஒழுகும் மொனராகலையிலிருந்து இறப்பர் மரங்களைக் கடந்து, பட்டனைப் புல்லைக் கடந்து, தேயிலைக்குள் ஏறும்போது காற்று குளிரத் தொடங்கும். வெறும் ஆளோடு போனாலே மைனர் மூச்சு வாங்கும் பாதை. அன்றைக்கு அத்தை குடும்பம், தாத்தா, நான், கூரையில் இரண்டு தகரப் பெட்டி, டிக்கியில் அத்தை விட்டுப்போக மனசில்லாமல் தூக்கிவந்த அம்மிக்கல்.

பாதி ஏற்றத்தில் ஆவி வந்தது. அப்பா நிறுத்தி, ஈரச்சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, பக்கத்து ஓடையில் வாளியால் அள்ளி ஊற்றினார். கொஞ்சத் தூரம் போனதும் மறுபடியும் ஆவி. சாதாரணமாக அப்பா அந்த இடத்தில் அரைமணி நேரம் எஞ்சினை ஆறவிடுவார். பீடி குடிப்பார், எங்களை இறங்கி நடக்கச் சொல்வார். அன்றைக்கு மணிக்கூட்டைப் பார்த்தார், அத்தையின் முகத்தைப் பார்த்தார், ஆறவிடாமல் எடுத்தார். அந்தக் கோச்சியைத் தவறவிட்டால் கப்பல் தவறும். கப்பல் தவறினால் மறுபடி பயண நாள் கிடைக்கக் கண்டியிலிருந்த இந்தியக் கந்தோருக்கு நடக்கவேண்டும். பசறை தெரியத் தொடங்கிய பிறகு எண்ணெய் விளக்கு எரிந்தது. அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி கடக் கடக் என்று ஒரு சத்தம். அப்பா காலை எடுக்கவில்லை. பசறைக் கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் எஞ்சின் ஒரு உலுக்கு உலுக்கி நின்றது.

தேயிலைப் பெட்டி ஏற்றிப் பதுளைக்குப் போய்க்கொண்டிருந்த லொறிக்காரர் ஒருவர் இறங்கி வந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. தகரப் பெட்டிகளைத் தூக்கி ஏற்றினார். அம்மிக்கல்லையும் ஏற்றினார். அப்பாவும் தாத்தாவும் வழியனுப்ப அதே லொறியில் போனார்கள். தேத்தண்ணிக் கடை முதலாளியிடம் என்னை ஒப்படைத்துவிட்டு, ‘காரப் பாத்துக்க’ என்றார் அப்பா. நான் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். எஞ்சின் வெகுநேரம் டிங் டிங் என்று ஆறும் சத்தம் கேட்டது. பானெட்டுக்குக் கீழே தரையில் பழுப்பு நிறத்தில் எண்ணெயும் தண்ணீரும் கலந்து ஒழுகிக்கொண்டிருந்தது. அந்தி நேரம் திரும்பி வந்த அப்பா காரைப் பார்க்கவில்லை. ‘ஏறிட்டாங்க’ என்றார்.

பதுளையில் பதுளு ஓயாப் பக்கம் ஒரு கராஜ். அங்கே இருந்த சிங்கள பாஸ் அப்பாவுக்குப் பழக்கம். தோட்டத் தமிழை எங்களைப் போலவே பேசுவார். காரை லொறியில் கயிறு கட்டி இறக்கிக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் அப்பாவோடு நானும் அங்கேயே கிடந்தேன். அந்தச் சில நாட்களில் நான் கற்றதைப் பிறகு எந்த வகுப்பிலும் கற்கவில்லை.

‘என்னாங்க பாஸ், தேறுமா?’ என்று அப்பா கேட்டார்.

‘இப்ப சொன்னா அது பொய்யாத்தானே இருக்கும் அண்ணே’ என்றார் பாஸ்.

அவர் முதலில் எஞ்சினைத் தொடவே இல்லை. காருக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு, ஒரு சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். கதவுக்குக் கீழே உள்ள பெட்டித் தகடு, பின்பக்க ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடம், முன்பக்கத்துச் சட்டக் கால்கள். மைனரில் துரு பிடிப்பது இந்த இடங்களில்தான். நல்ல தகடு கணீரென்று சொல்லும், துருப்பிடித்த தகடு பொத்தென்று சொல்லும். எங்கள் கார் ஓரிடத்தில் மட்டும் பொத்தென்றது. மொனராகலை வறண்ட பூமி, அதனால் தப்பித்தது. நுவரெலியாப் பக்கத்துக் காராக இருந்தால் அந்த இடமெல்லாம் உள்ளங்கையோடு பெயர்ந்து வரும் என்றார். ‘எஞ்சின மாத்தலாம், பாடிய மாத்த ஏலாது. இது உக்கியிருந்தா நான் பானெட்டத் தொறக்கவே மாட்டேன்.’ நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். எஞ்சினுக்குக் கொட்டிச் செலவழித்த பிறகு தரைத் தகடு விட்டுப்போன கார்களை நான் பிற்காலத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

அடுத்ததாக ரேடியேட்டரைக் கழற்றினார். தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கியபோது செம்மண் சேறு கட்டியாக விழுந்தது. அவசரத்துக்கு ஓடைத் தண்ணீரை அள்ளி ஊற்றும் பழக்கம் மலைநாட்டில் எல்லா டிரைவர்மாருக்கும் உண்டு. வேறு வழியும் இல்லை. அந்தத் தண்ணீரோடு போன மண் வருசக்கணக்கில் குழாய்களை அடைத்திருந்தது. ‘எஞ்சின் ஏன் போச்சுன்னு தெரியாம எஞ்சின் வேல செய்யக் கூடாது. இதக் கழுவாம அங்க காசு போட்டா அடுத்த ஏத்தத்துல திரும்பவும் இங்கதான் வருவீங்க.’

பிறகுதான் எஞ்சின் திறக்கப்பட்டது. எண்ணெயை வடித்த தட்டத்தில் விரலை விட்டு வெயிலில் காட்டினார். வெள்ளித் துகள் மின்னியது. ‘பிக் எண்ட் பெயாரிங்.’ மேல் மூடியைத் திறந்தபோது உள்ளே பாலாடை மாதிரி வெளுப்பு. ‘தண்ணி எண்ணெயில கலந்திருக்கு.’ ஹெட்டைத் தூக்கியதும் இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதற்கும் நடுவில் கேஸ்கட் எரிந்திருந்தது. அந்த எஞ்சினில் அந்த இரண்டுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு, சூடேறினால் முதலில் விடுவது அந்த இடம். பிறகு என்னைக் கூப்பிட்டு, ‘புத்தா, இஸ்கோலத்துக்குக் கொண்டுபோற சோக் இருக்கா?’ என்றார். கடையில் போய் வாங்கி வந்தேன். ஹெட்டில் மண்ணெண்ணெயைப் பூசி, சற்று நேரம் விட்டு, துணியால் சுத்தமாகத் துடைத்தார். சோக்கைப் பொடியாக்கி மேலே தூவினார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் பொடிக்கு நடுவே, மூன்றாவது சிலிண்டரின் இரண்டு வால்வு இருக்கைகளுக்கு இடையில், ஒரு கருங்கோடு ஊறி எழும்பியது. வெடிப்பு. இறுக்கமான வெடிப்புக்குள் புகுந்து ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் சோக்கில் கசிந்து காட்டிக்கொடுத்தது. அதே சோதனையை பிளொக்குக்கும் செய்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு எதுவும் வரவில்லை. அப்பா அந்த இரண்டு நாளில் முதல் தடவையாக ஒரு தேத்தண்ணி கேட்டார்.

கடைசியாகக் கிராங்க். இந்த எஞ்சின்களில் கிராங்க் தேய்ந்தால் லேத்தில் கொடுத்துக் கடைந்து, கடைந்த அளவுக்குத் தடித்த பெயாரிங் போடலாம். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கு. 10, 20, 30, 40 என்று நாலு படி. சிலிண்டரையும் அப்படியே அகலப்படுத்தலாம். எங்கள் கிராங்க் ஏற்கெனவே சின்னதொரை காலத்தில் 20க்குக் கடைந்தது. இப்போது பிக் எண்டில் விழுந்த கீறல் 30இல் போகாது, 40க்குத்தான் போகவேண்டும். சிலிண்டரும் 20இல் இருந்து 40க்கு. பாஸ் மைக்ரோமீற்றரைத் துடைத்து மரப்பெட்டிக்குள் வைத்துவிட்டு, ஒரு சிகரெட் பெட்டி அட்டையில் எல்லா அளவுகளையும் எழுதினார்.

‘பிளொக்குக்கு இதுக்குப் பொறகும் லைனர் போட்டுக்கலாம். கிராங்குக்கு இன்னும் ஒரு கடைசல்தான் இருக்கு. அதுக்கு மேல இல்ல. இந்த எஞ்சினுக்கு இன்னொரு ஆயுசு இருக்கு, ரெண்டு இல்ல. அத தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க.’

செலவைச் சொன்னார். ஓடாத நிலையில் அந்தக் கார் போகக்கூடிய விலையில் முக்கால் பங்கு வந்தது. கராஜுக்கு வந்து போகும் தரகர் ஒருவர் வேறு யோசனை சொன்னார். பெயாரிங்குக்குள் தோல் பட்டை வைத்து, கனத்த எண்ணெயை ஊற்றி, சத்தம் அடங்கியிருக்கும்போதே பண்டாரவளையில் யாருக்காவது தள்ளிவிடலாம் என்றார். அப்பா அவருக்குப் பதிலே சொல்லவில்லை. அந்த மௌனத்தை நான் இன்றைக்கும் மதிக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் தாத்தா தெளிவாகப் பேசினார். ‘ஏம்பா, போற மனுசனுக்குக் காரு எதுக்கு? இருக்கிற நெலமையிலயே வித்துப்புடு. கடன அடைச்சிட்டு எல்லாரும் கெளம்புவோம். தங்கச்சி அங்க ஒத்தையில கெடக்குறா.’ அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அக்கரைக்குக் கார் வராது. எஞ்சினில் போடும் காசு எதுவும் திரும்பிக் கைக்கு வரப் பல வருசம் ஆகும், அந்தப் பல வருசம் இங்கே இருந்தாகவேண்டும். கிராங்கைக் கடைவதா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் உண்மையில் இருப்பதா போவதா என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா அடுப்படியில் இருந்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ‘அங்க போயி நீங்க என்னா ஓட்டுவீங்க?’ அப்பாவிடம் பதில் இல்லை. அக்கரையில் மண்டபம் முகாமிலிருந்து வந்த கடிதங்களில் நீலகிரிக்குப் போனவர்கள், ஆந்திராவுக்கு அனுப்பப்பட்டவர்கள் என்றெல்லாம் இருந்தது. கார் ஓட்டுகிறவர் யாரும் இருக்கவில்லை.

முடிவு எங்கள் வீட்டில் ஆகவில்லை, காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் ஆனது. லயத்துப் பெண்கள் அம்மாவோடு சேர்ந்து ஒரு சீட்டுப் பிடித்தார்கள். சம்பள நாளுக்கு மறுநாள் குலுக்கல். அந்த மாசம் சீட்டு விழுந்தது கடைசிக் காம்பரா பெரியம்மாவுக்கு. பால் வாளியை இறக்கி வைத்துவிட்டு நேரே எங்கள் வாசலுக்கு வந்து, காசை அம்மாவின் மடியில் வைத்தார். ‘எம் முறைய நீ எடுத்துக்க. நான் பொறகு எடுத்துக்கிறேன். எம் மகளுக்கு ஆவணியில மாசம். காரு இல்லாம இந்தக் காச வச்சிக்கிட்டு நான் ராத்திரியில எங்க ஓட?’

அடுத்த மாசம் சீட்டு விழுந்தவரும் ஒத்துக்கொண்டார். இதைப் பெருந்தன்மை என்று மட்டும் சொன்னால் அந்தப் பெண்களின் புத்தியைக் குறைத்துச் சொன்னதாகும். அவர்கள் கச்சிதமாகக் கணக்குப் போட்டிருந்தார்கள். பதுளைக்கு 60 கிலோமீற்றர். ராத்திரியில் பஸ் இல்லை. தோட்டத்து லொறி தொரை சொன்னால்தான் அசையும். அந்தக் காரின் விலை சந்தையில் என்ன என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. அது இல்லாத ராத்திரியின் விலை அவர்களுக்குத் தெரியும். போன வருசம் வழியிலேயே போன ஒரு தாயும் பிள்ளையும் அவர்கள் மனதில் இருந்தார்கள்.

பல வருசம் கழித்து, இங்கிலாந்தின் பாத் நகரத்தில் மொறிஸ் மைனர்களைப் புதுப்பிக்கும் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார் 1982இல் எழுதிய புத்தகத்தைப் பற்றிப் படித்தேன். நன்றாகச் செய்யப்பட்ட ஒரு காரை வீட்டைப் பராமரிப்பதுபோல விடாமல் பராமரித்தால், புதிய கார் வாங்கி அதன் மதிப்பு தேய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிடச் செலவு குறைவு என்பது அவருடைய வாதம். 1990களில் அவருடைய முயற்சியோடு இலங்கையிலேயே மைனருக்கு உதிரிப்பாகம் செய்யும் தொழிற்கூடம் ஒன்றும் ஏற்பட்டது. அமெரிக்கத் தடைக்குப் பிறகு கியூபாவின் தெருக்களில் 1950களின் கார்கள் ஓடிக்கொண்டே இருப்பதும் உலகம் அறிந்தது. வெயாரின் வாதத்தைப் படித்தபோது எனக்குப் பெரியம்மாவின் பால் வாளிதான் நினைவுக்கு வந்தது. அவர் புத்தகம் எழுதுவதற்கு முன்பே எங்கள் பெரட்டுக்களம் அதில் ஒரு படி மேலே போயிருந்தது. காரின் தேய்மானத்தோடு சேர்த்து மனிதருடைய உயிரையும் கணக்கில் வைத்திருந்தது.

அப்பா இரவுத் தபால் கோச்சியில் கொழும்புக்குப் போய், பஞ்சிகாவத்தையில் ஒரு பகல் முழுக்க அலைந்து, 40 அண்டர் பெயாரிங் ஒரு செட்டும் 40 ஓவர் பிஸ்டனும் வளையமும் செப்புக் கேஸ்கட்டும் வாங்கி வந்தார். பெயாரிங் எண்ணெய்த்தாளில் சுற்றிப் பல வருசம் யாருடைய அலுமாரியிலோ கிடந்தது. ஹெட், பாஸின் கராஜுக்குப் பின்னால் கல்லின்மேல் நின்ற காரிலிருந்து வந்தது. அதற்கும் சோக் சோதனை நடந்தது. கிராங்க் லேத்துக்குப் போய் வந்தபோது எடுத்துப் பார்க்கச் சொன்னார் பாஸ். பிக் எண்ட் ஒவ்வொன்றிலும் என் முகம் நீண்டு தெரிந்தது. பின்பக்க வால்வுக் கம்பியைத் தூக்கிப் பிடிக்கவும், நட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி வரிசையாக வைக்கவும் என்னை விட்டார். ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி வெளியே வரும் ஒழுங்கில், ஒரே மூச்சில் இறுக்காமல் பல சுற்றாக இறுக்கினார். ஏனென்று கேட்டேன். ஓரத்திலிருந்து இறுக்கினால் நடுவில் தகடு உப்பிக்கொண்டு நிற்கும், முன்பு எரிந்த அதே இடம் மறுபடி எரியும் என்று கையால் ஒரு கடதாசியை அழுத்திக் காட்டினார்.

கிளம்பிய முதல் நாள் டிக் டிக் டிக் என்று பம்ப் அடித்து நின்றது. அப்பா குமிழை இழுக்கவில்லை. இறங்கிப் போய் முன்னால் சுழற்றும் கம்பியை மாட்டிக் கையால் நாலைந்து சுற்றுச் சுற்றி, எண்ணெய் மேலே ஏறட்டும் என்று விட்டு, பிறகுதான் இழுத்தார். எஞ்சின் பிடித்தது. பாஸ் ஒரு நீளமான திருப்புளியைப் பிளொக்கில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டார். அடுத்து என் காதில் வைத்தார். மெல்லிய ஒரே சீரான ஓட்டம்.

முதல் 500 மைலுக்கு 30க்கு மேல் போகக்கூடாது என்பது கட்டளை. பின்சீட்டில் இருந்துகொண்டு நடுவட்டத்து முள்ளைக் கண்காணிப்பது என் பொறுப்பு என்று நானே எடுத்துக்கொண்டேன். டிக்கியில் இரண்டு கலன் வடித்த நல்ல தண்ணீர் எப்போதும் இருந்தது. ஓடைத் தண்ணீரை அப்பா அதற்குப் பிறகு அந்த ரேடியேட்டருக்குக் காட்டவில்லை. ஆவணியில் பெரியம்மாவின் மகள் பதுளை ஆஸ்பத்திரியில் பெண்பிள்ளை பெற்றாள்.

அதற்கடுத்த வருசம் தாத்தாவுக்குப் பயண நாள் வந்தது. அவர் ஒருவருக்கு மட்டும். அவரை முன்சீட்டில் உட்காரவைத்து விடியுமுன்னே புறப்பட்டோம். ஏற்றத்தில் இரண்டு இடத்தில் அப்பா தானாகவே நிறுத்தி எஞ்சினை ஆறவிட்டார், நேரம் தாராளமாக இருந்தது. பசறைக்கு மேலே நமுனுகுலை மலையில் வெயில் விழத் தொடங்கியபோது தாத்தா, ‘சத்தம் நல்லாத்தான்டா இருக்கு’ என்றார். அந்த வழக்கில் அவர் சொன்ன கடைசி வார்த்தை அது. கோச்சி கிளம்பியபோது அப்பா பிளாட்பாரத்தில் அழுததை நான் பார்த்தேன். இருப்பது என்ற முடிவுக்கு என்ன விலை என்று அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

1977 ஆகஸ்ட் கலவர நாட்களில் கார் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. அந்த வருசக் கடைசியில் புதிய அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட்டது. அடுத்தடுத்த வருசங்களில் ஜப்பான் கார்களும் வேன்களும் மொனராகலை வரை வந்துவிட்டன. ஒரு வேனில் பத்துப் பேர் ஏறலாம், ஏற்றத்தில் ஆவி வராது. மைனருக்கு ஹயர் குறைந்தது. எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் இப்போது அதற்குப் பதிலாக வைக்க ஒன்று இருந்தது. கணக்கு மாறிவிட்டது. அப்பா இதில் மனக்கசப்புப் படவில்லை. சித்தப்பாவோடு கூட்டுச் சேர்ந்து வேன் எடுக்கத் தீர்மானித்தபோது, காரை விற்பது பற்றி யாரோடும் விவாதம் நடக்கவில்லை.

லுணுகலைப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் பார்க்க வந்தார். அப்பா அவரை முதலில் காருக்கு அடியில் படுக்கச் சொன்னார். சுத்தியலைக் கையில் கொடுத்து, எங்கே தட்டவேண்டும் என்று காட்டினார். பொத்தென்ற அந்த ஓர் இடத்தைத் தானே தட்டிக் கேட்கவைத்தார். பிறகு அலுமாரியிலிருந்து பாஸ் எழுதிய சிகரெட் பெட்டி அட்டையை எடுத்து வந்து நீட்டினார்.

‘கிராங்க் நாப்பதுல நிக்குதுங்க சார். இனிக் கடைய ஏலாது. அடுத்த தடவ போச்சுன்னா வேற கிராங்க்தான் தேடணும்.’

ஆசிரியர் அட்டையை இருபக்கமும் திருப்பிப் பார்த்தார். ‘அடுத்த தடவ எப்ப வரும்?’

‘ரேடியேட்டருக்கு நல்ல தண்ணி ஊத்தினா உங்க மகன் ஓட்டுற காலத்துல.’

அவர் அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்து காசை எண்ணத் தொடங்கினார்.